நினைத்துப் பார்ப்பதும் கேட்டுப் பார்ப்பதும்

நண்பனின் அப்பா இறந்துபோனபோது நான் மூன்று வாரம் அவனைக் கூப்பிடவில்லை. துக்கத்துக்குப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், அதோடு சரி. அதன்பிறகு தினமும் போனைக் கையில் எடுப்பேன். அவன் இடத்தில் நான் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பேன். நானாக இருந்தால் கொஞ்ச நாள் தனியாக விடுங்கள் என்றுதான் நினைத்திருப்பேன். போனை வைத்துவிடுவேன். இருபது வருடப் பழக்கம். அவன் மனசு எனக்குத் தெரியாதா?

தெரியவில்லை. நாலாவது வாரம் அவனே கூப்பிட்டான். "எல்லாரும் ஒதுங்கிட்டாங்கடா. நீயாவது கூப்பிடுவேன்னு நினைச்சேன்" என்றான்.

அக்கறை இல்லாமல் நான் அப்படி இருக்கவில்லை. அக்கறையோடுதான், நல்லவர்கள் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அவன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன். அப்படியும் எப்படித் தப்பாகப் போனது என்பது ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. நிக்கலஸ் எப்லியின் ஆய்வுகளைப் படித்தபோதுதான் அதற்கு ஒரு விளக்கம் கிடைத்தது.

எப்லி ஒரு சமூக உளவியலாளர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சிடம் ஆய்வு செய்து 2001-இல் முனைவர் பட்டம் பெற்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் பூத் வணிகவியல் பள்ளியில் பேராசிரியர். அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்பதை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம், எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறோம் என்ற ஒரு கேள்வியைத்தான் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பல பக்கத்திலிருந்து துருவிக்கொண்டிருக்கிறார். 2014-இல் அதையெல்லாம் திரட்டி ஒரு நூலாகவும் எழுதினார்.

இந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. அடுத்தவருக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறது, அதில் நம்முடையதிலிருந்து வேறான எண்ணங்களும் நம்பிக்கைகளும் இருக்கலாம் என்று புரிந்துகொள்ளும் திறனை உளவியலில் 'மனக் கோட்பாடு' என்பார்கள். சிம்பன்சிகளுக்கு அது உண்டா என்று கேட்டு டேவிட் பிரிமாக்கும் கை வுட்ரஃபும் 1978-இல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தச் சொல் பரவியது. 1983-இல் ஹைன்ஸ் விம்மரும் யோசஃப் பெர்னரும் அதைக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். கதை எளிமையானது. ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை, சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியையே காட்டும். தனக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று அது நினைக்கிறது. நான்கு, ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் சரியான பதிலைச் சொல்லத் தொடங்கிவிடுகின்றன.

அதற்குப் பிறகு வந்த ஏராளமான ஆய்வுகள், குழந்தைகளுக்கு இந்தத் திறன் எப்போது வருகிறது என்பதையே சுற்றிவந்தன. அதனால் ஐந்து வயதில் இந்தப் பரீட்சையில் தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது என்ற எண்ணம் படிந்துவிட்டது. தேறிய பிறகு என்ன ஆகிறது என்பதைப் பார்த்தவர்களில் எப்லி முக்கியமானவர்.

அவரும் கேரி மோர்வெட்ஜும் போவாஸ் கெய்சரும் 2004-இல் வெளியிட்ட ஒரு சோதனையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு சட்டம் மேஜைமேல் நிற்கிறது. இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் இன்னொருவர். பெரும்பாலான கட்டங்கள் இரண்டு பக்கமும் திறந்திருக்கும். சில கட்டங்கள் அவர் பக்கம் அடைக்கப்பட்டிருக்கும், அவற்றில் இருப்பது உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அது உங்களுக்கும் தெரியும். பெரிதும் நடுத்தரமும் சிறிதுமாக மூன்று பொம்மை லாரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மிகச் சிறியது, அவர் பக்கம் அடைத்த கட்டத்தில் இருக்கிறது. "சின்ன லாரியை நகர்த்துங்க" என்கிறார் எதிரில் இருப்பவர். அவருக்குத் தெரிவதே இரண்டு லாரிதான். ஆகவே அவர் சொல்வது உங்கள் கணக்கில் நடுத்தர லாரி.

இந்த வேலையைக் குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள், அவர்களுடைய பெற்றோருக்கும் கொடுத்தார்கள். கண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதைக் கருவி பதிவு செய்துகொண்டே இருந்தது. கை கடைசியில் எந்தப் பொருளை எடுத்தது என்பதைவிட, அதற்கு முன்னால் கண் எங்கே ஓடியது என்பதில்தான் விஷயம் இருந்தது. குழந்தைகளின் கண் எவ்வளவு வேகமாக அந்த ஒளிந்திருக்கும் பொருளிடம் போனதோ, அதே வேகத்தில் பெரியவர்களின் கண்ணும் போனது. பெரியவர்கள் அங்கே நிற்கவில்லை; 'அது அவருக்குத் தெரியாதே' என்று சட்டென்று திருத்திக்கொண்டு சரியான பொருளுக்குத் திரும்பினார்கள். குழந்தைகள் திருத்திக்கொள்ளத் தாமதித்தார்கள், பல நேரம் திருத்தாமலே விட்டார்கள்.

வளர்ந்த பிறகும் நாம் எதையும் முதலில் நம் கண்ணால்தான் பார்க்கிறோம். வயதோடு வருவது திருத்தம் மட்டும்தான். திருத்தத்துக்கோ நேரமும் முயற்சியும் வேண்டும். அவசரப்படுத்தினால் பெரியவர்களின் கணிப்பும் அவரவர் பார்வைப் பக்கமே சாய்ந்துவிடுகிறது என்பதையும் எப்லி வேறு சோதனைகளில் காட்டியிருக்கிறார். களைத்துப்போய் வீடு திரும்பிய இரவில் சின்னப் பேச்சு பெரிய சண்டையாக முடிவதை நினைத்தால் இது எனக்குப் புரிகிறது.

இது அமெரிக்கர்களின் குணம் மட்டும்தானோ என்று சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம். 2007-இல் ஷாலி வூவும் கெய்சரும் இதே போன்ற சட்டத்தை வைத்து, சீனாவிலிருந்து வந்திருந்த மாணவர்களையும் அமெரிக்க மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். சீன மாணவர்கள் வெகு குறைவாகவே தடுமாறினார்கள். ஆனால் 2013-இல் கண் அசைவை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது: முதல் கணத்தில் இரு தரப்பாரின் கவனமும் தன் பக்கத்துப் பொருளிடம் ஒரே மாதிரி இழுபடுகிறது. சீன மாணவர்கள் முந்தித் திருத்திக்கொள்கிறார்கள். எந்தப் பண்பாட்டில் வளர்ந்தோம் என்பது திருத்தத்தைத்தான் மாற்றுகிறதே ஒழிய, தொடங்கும் இடத்தை மாற்றுவதில்லை.

நம் பார்வையிலிருந்தே தொடங்குகிறோம், போதுமான அளவு விலகிப் போகாமலே நின்றுவிடுகிறோம். கிலோவிச்சின் குழு 2000-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இதற்கு நல்ல சாட்சி. பாரி மனிலோ என்ற பாடகரின் முகம் அச்சிட்ட டி-ஷர்ட்டைக் கல்லூரி மாணவர்களைப் போட வைத்தார்கள். அந்த வயதில் அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் நிற்பது கூச்சம். மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போய்வரச் சொன்னார்கள். எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டதற்கு, ஏறக்குறைய பாதிப்பேர் என்றார்கள். உண்மையில் கவனித்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு.

டி-ஷர்ட் விவகாரம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. மின்னஞ்சல் அப்படி இல்லை. ஜஸ்டின் குரூகரும் எப்லியும் இன்னும் சிலரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் சில வாக்கியங்களை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். சில வாக்கியங்கள் நிஜமாகச் சொல்வது, சில கிண்டலாகச் சொல்வது. பாதிப்பேர் மின்னஞ்சலில் அனுப்பினார்கள், பாதிப்பேர் குரலில் சொன்னார்கள். எது கிண்டல், எது நிஜம் என்று எதிராளி எத்தனை சதவீதம் சரியாகச் சொல்வார்? எழுதியவர்களும் சரி, பேசியவர்களும் சரி, ஏறக்குறைய 78 சதவீதம் என்று எதிர்பார்த்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள், அது பரவாயில்லை. மின்னஞ்சலில் படித்தவர்கள் சொன்னது 56 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலே 50 சதவீதம் வந்திருக்கும்.

எழுதும்போது அந்தக் கிண்டலின் தொனி எழுதுபவரின் காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. எழுத்தில் அது இல்லை என்பது அவருக்குத் தெரிவதே இல்லை. இதே ஆய்வில், எழுதியதை வேண்டுமென்றே எதிர்த் தொனியில், அதாவது கிண்டலை நிஜம்போலவும் நிஜத்தைக் கிண்டல்போலவும் உரக்க வாசிக்கச் சொன்னபோது அந்த அதீத நம்பிக்கை குறைந்தது. படிப்பவருக்கு இப்படியும் கேட்கலாமே என்பது அப்போதுதான் உறைத்திருக்கிறது. நான் முக்கியமான செய்தி எதையாவது எழுதினால் இப்போதெல்லாம் அனுப்பும் முன் ஒருமுறை கோபக் குரலில் வாசித்துப் பார்க்கிறேன். பாதி நேரம் மாற்றி எழுத வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் அறிமுகம் இல்லாதவர்களிடம்தான், நெருங்கியவர்களிடம் நடக்காது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இருபது வருடப் பழக்கம் என்று மேலே சொன்னேனே, அந்த இடத்தில்தான் கால் அதிகம் வழுக்குகிறது.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்டன் வளாகத்தில் வில்லியம் ஐக்ஸ் உருவாக்கிய முறை இது: இரண்டு பேர் இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பதைப் படம் பிடிக்கிறார்கள். பிறகு ஒருவர் தனியாக உட்கார்ந்து அந்தப் பதிவைப் பார்க்கிறார். 'இந்த இடத்தில் எனக்கு இப்படித் தோன்றியது' என்று நினைவுக்கு வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி எழுதி வைக்கிறார். மற்றவர் அதே பதிவை அதே இடங்களில் நிறுத்தி, அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று ஊகித்து எழுதுகிறார். இரண்டையும் ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிறார்கள். அறிமுகமில்லாதவர்கள் சுமார் 20 சதவீதம் வாங்குகிறார்கள். நெருங்கிய நண்பர்களும் தம்பதியரும் 30-லிருந்து 35 வரை. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் வாழ்நாள் பழக்கத்துக்குக் கிடைக்கும் மகசூல் அவ்வளவுதான்.

மதிப்பெண் குறைவு என்பதைவிட, நம்பிக்கை அதோடு ஒட்டாமல் ஓடுவதுதான் கவலைக்குரியது. 1997-இல் வில்லியம் ஸ்வானும் மைக்கேல் கில்லும் காதலர்களை ஆராய்ந்தபோது, உறவின் வயது கூடக் கூட 'எனக்கு இவரைத் தெரியும்' என்ற உறுதி கூடியது; கணிப்பின் துல்லியம் அதற்கேற்பக் கூடவில்லை. 2011-இல் கென்னத் சவிட்ஸ்கி, கெய்சர், எப்லி முதலானோர் வெளியிட்ட ஆய்வில் தம்பதியர் 24 ஜோடி. நாற்காலிகளில் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு, பல பொருள் கொள்ளத்தக்க வாக்கியங்களைச் சொல்ல, கேட்பவர் உட்பொருளை ஊகிக்க வேண்டும். 'இங்கே ரொம்பப் புழுக்கமா இருக்கு' என்ற ஒரு வரியையே எடுத்துக்கொள்ளுங்களேன். அது ஜன்னலைத் திற என்பதாக இருக்கலாம், கிளம்பலாம் என்பதாக இருக்கலாம், வெறுமனே புழுக்கமாக இருக்கிறது என்பதாகவும் இருக்கலாம். கணவனோ மனைவியோ கேட்டபோது புரிந்த அளவும், முன்பின் தெரியாதவர் கேட்டபோது புரிந்த அளவும் ஒன்றுதான். ஆனால் வாக்கியத்தைச் சொன்னவர்களோ, தன் துணைக்கு இன்னும் நன்றாகப் புரியும் என்று எதிர்பார்த்திருந்தார்கள்.

புதியவரிடம் பேசும்போது விளக்கிச் சொல்கிறோம். அவருக்குத் தெரியாது என்பது நமக்குத் தெரியும். நெருங்கியவரிடம் அந்தத் திருத்தத்தைச் செய்வதையே விட்டுவிடுகிறோம். மனசுக்கு மிக அருகில் இருப்பவரைத்தான் மிகக் குறைவாகக் கேட்கிறோம்.

சரி, இதற்கு மருந்து என்ன? எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள். அவர் இடத்தில் இருந்து பார். தன்னைப்போல் பிறரையும் நினை. பள்ளியிலும் சொல்கிறார்கள், அலுவலகப் பயிற்சி வகுப்பிலும் சொல்கிறார்கள், குடும்பத்தில் மத்தியஸ்தம் பேச வருபவரும் சொல்கிறார். எப்லியின் ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கியது இந்த மருந்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வுதான்.

டால் ஏயல், மேரி ஸ்டெஃபல், எப்லி மூவரும் 2018-இல் வெளியிட்ட கட்டுரையில் 25 பரிசோதனைகள். ஒன்றிரண்டு அல்ல, 25. ஒரு சாராரிடம், எதிரே இருப்பவரின் இடத்தில் தங்களை வைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். இன்னொரு சாராரிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்வது, உடல் தோரணையைப் பார்த்து மனநிலையைச் சொல்வது, சிரிப்பு நிஜமா ஒப்புக்கா என்று பிரிப்பது, பொய்யைக் கண்டுபிடிப்பது, கணவனுக்கோ மனைவிக்கோ எது பிடிக்கும் என்று ஊகிப்பது எனச் சோதனைகள் பலவகை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்ற நம் பழமொழியை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தது மாதிரி.

இப்படிப் பார்த்தால் கணிப்பு கூர்மையாகும் என்று முன்கூட்டியே கேட்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சொன்னார்கள். முடிவோ வேறு. அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தவர்களின் துல்லியம் கூடியதற்கு எந்த ஒரே சீரான சான்றும் இல்லை. மொத்தத்தில் பார்த்தால் சற்றுக் குறைந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். சில சோதனைகளில் 'நான் சொன்னது சரிதான்' என்ற உறுதி மட்டும் கூடியிருந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது. இந்த முயற்சி சுயமையப் பார்வையை நிஜமாகவே குறைத்தது. 'எனக்குப் பிடிப்பதுதான் அவருக்கும் பிடிக்கும்' என்ற சாய்வு தணிந்தது. ஆனால் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது உண்மை இல்லை. இன்னொரு ஊகம். என் பார்வையை ஒதுக்கி வைத்துவிட்டேன், சரி. அவர் பார்வை என் கையில் எங்கே இருக்கிறது? அவரைப் பற்றி ஏற்கெனவே என்னிடம் இருக்கும் துண்டு துணுக்குகளையும், அவரைப் போன்ற ஆட்களைப் பற்றி நான் வைத்திருக்கும் எண்ணங்களையும் எடுத்துத்தானே அதை ஒட்டுப்போடுகிறேன்? தலைக்குள் எவ்வளவு நேரம் புரட்டினாலும் அங்கே இல்லாத தகவல் அங்கிருந்து வராது.

கடைசிப் பரிசோதனையில் மூன்றாவது வழி ஒன்றையும் சேர்த்தார்கள். துணையிடமே பேசித் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு. ஊகித்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பேசித் தெரிந்துகொண்டவர்களின் கணிப்பு கூர்மையாகியது. கேட்டால் தெரியும் என்பதற்கு ஆய்வு வேண்டுமா என்று யாரும் கேட்கலாம். கேட்காமலே தெரிந்துவிட்டதாக நினைத்து எத்தனை முடிவுகள் எடுக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். என் நண்பன் விஷயத்தில் நான் செய்தது இந்தப் பரிசோதனையில் முதல் சாரார் செய்ததேதான்.

கேட்கவே முடியாத ஒரு மனத்தைப் பற்றி ஊகிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் எப்லி பார்த்திருக்கிறார். சர்ச்சைக்குரிய சமூகக் கேள்விகளில் உங்கள் கருத்து என்ன, மற்றவர்கள் கருத்து என்ன, கடவுளின் கருத்து என்ன என்று நம்பிக்கையாளர்களிடம் கேட்ட ஆய்வு 2009-இல் வந்தது. மற்ற மனிதர்களுக்குச் சொன்னதைவிடக் கடவுளுக்குச் சொன்னதுதான் சொந்தக் கருத்தோடு அதிகம் ஒட்டி நின்றது. பரிசோதனை வழியாக ஒருவரின் கருத்தைச் சற்று நகர்த்தியபோது, அவர் கடவுளின் கருத்தாகச் சொன்னதும் கூடவே நகர்ந்தது. பக்தியைப் பழிக்கும் ஆய்வாக இதை நான் படிக்கவில்லை. மறுத்துச் சொல்ல எதிரில் ஆள் இல்லாதபோது நம் ஊகம் எந்தப் பக்கம் சாயும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை என்றுதான் தோன்றுகிறது.

தனிமனிதர்களை விட்டுவிட்டுப் பெரிய அளவில் ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். அமெரிக்க ராணுவத்தில் 1993-இலிருந்து ஒரு சட்டம் இருந்தது. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் அதை வெளியில் சொல்லாதவரை பணியில் இருக்கலாம். மேலதிகாரிகளும் கேட்கக் கூடாது. அதன் பெயரே 'கேட்காதே, சொல்லாதே'. அதை நீக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ஓய்வுபெற்ற தளபதிகள் ஆயிரம் பேருக்கு மேல் 2009-இல் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். படைவீரர்களின் மன உறுதி குலையும், கட்டுக்கோப்பு போய்விடும் என்றார்கள். வாழ்நாள் முழுவதும் படையில் இருந்தவர்கள். வீரர்களின் மனம் தங்களுக்குத் தெரியும் என்று நம்ப அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. 2010-இல் பாதுகாப்புத் துறை வீரர்களையே கேட்டது. சுமார் 4 லட்சம் பேருக்குக் கேள்வித்தாள் போனது. 1,15,052 பேர் பதில் அனுப்பினார்கள். சட்டத்தை நீக்கினால் தங்கள் பிரிவின் ஒற்றுமைக்கு நன்மை வரும், அல்லது நன்மையும் தீமையும் கலந்து வரும், அல்லது ஒன்றும் ஆகாது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம். 2011 செப்டம்பர் 20-ஆம் தேதி அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது. ஓராண்டு கழித்து ஆராய்ந்தவர்களுக்குப் படையின் தயார்நிலை குறைந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. தன் நூலில் எப்லியே எடுத்துக்காட்டும் சம்பவம் இது.

கேட்பது இவ்வளவு எளிதென்றால் ஏன் கேட்பதில்லை? அங்கேயும் ஒரு தவறான ஊகம்தான் வழிமறிக்கிறது. எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவில் தினமும் ரயிலிலும் பேருந்திலும் வேலைக்குப் போகிறவர்களிடம் ஆய்வு செய்து 2014-இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போலப் போகச் சொன்னார்கள். எது இனிமையாக இருக்கும் என்று ஊகிக்க மட்டும் கேட்கப்பட்டவர்கள், தனியாக இருப்பதுதான் என்றார்கள். பேசிப் பார்த்தவர்களின் பயணம்தான் இனிமையாக அமைந்தது. பக்கத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர்கூடப் பேச விரும்ப மாட்டார்கள் என்பது ஊகிக்க மட்டும் கேட்கப்பட்டவர்களின் கணிப்பு. பேச முயன்றவர்களில் யாரும் தன்னை ஒதுக்கிவிட்டதாகச் சொல்லவில்லை. அவர் பேச மாட்டார் என்று நான் நினைக்கிறேன், நான் பேச மாட்டேன் என்று அவர் நினைக்கிறார். இருவரும் வாய்திறக்காமல் இறங்கிப் போகிறோம். இருவர் ஊகமும் பொய் என்று தெரியவரும் வாய்ப்பையும் அந்த மௌனமே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

அமித் குமாரும் எப்லியும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் வாழ்க்கையில் உதவிய ஒருவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள், பெறுபவர் எவ்வளவு நெகிழ்வார் என்பதைக் குறைத்தும், எவ்வளவு சங்கடப்படுவார் என்பதைக் கூட்டியும் மதிப்பிட்டார்கள். சொற்கள் சரியாக அமைந்தனவா என்று எழுதுபவர் தவிக்கிறார். பெறுபவர் பார்ப்பதோ அந்தக் கரிசனத்தை. 2021-இல் இவர்களே, பழைய நண்பரோடு மறுபடி தொடர்புகொள்ளச் சொன்னபோது, போனில் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று பலர் மின்னஞ்சலை விரும்பினார்கள். பேசியவர்களுக்குக் கூடுதல் சங்கடம் எதுவும் இல்லை, நெருக்கம்தான் கூடியது. குரலுக்கு அப்படி ஒரு வலு உண்டு. வேலை தேடும் மாணவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதைக் காதால் கேட்டவர்கள், அதே சொற்களை எழுத்தில் படித்தவர்களைவிட அவர்களை அறிவும் சிந்தனையும் உள்ளவர்களாக மதிப்பிட்டதை ஷ்ரோடரும் எப்லியும் 2015-இல் காட்டினார்கள். முகத்தைப் படமாகக் காட்டியும் அந்த மதிப்பு கூடவில்லை. முகத்தைவிடக் குரல்தான் உள்ளே ஒரு மனம் இயங்குவதைத் தெரிவித்திருக்கிறது.

கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மனிதர்கள் பொய் சொல்வார்கள். அதைக் கண்டுபிடிப்பதில் நமக்குத் திறமை போதாது. சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-இல் நூற்றுக்கணக்கான ஆய்வு அறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொய்யையும் மெய்யையும் மக்கள் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம். பயம் இருக்கும் இடத்தில் பதிலும் அந்தப் பயத்தின் பதிலாகத்தான் இருக்கும், மேலதிகாரி "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்ற பதிலோடு திருப்தியாகப் போனால் அவர் கேட்டதாகவே அர்த்தமில்லை. அதைவிடச் சிக்கலானது, தன் மனம் தனக்கே தெரியாத இடங்கள். ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமத்தி வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு காட்சி வரும். மேஜைமேல் வரிசையாக நான்கு ஜோடிக் காலுறைகள். எது தரமானது என்று வருபவர்களிடம் கேட்கிறார்கள். வலது ஓரத்தில் இருப்பதைத் தேர்ந்தவர்கள் இடது ஓரத்தைத் தேர்ந்தவர்களைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஏன் அதை எடுத்தீர்கள் என்றால் நூலைப் பற்றியும் நெசவைப் பற்றியும் காரணம் சொன்னார்கள். நான்கும் ஒரே காலுறைதான்.

அதனால் 'ஏன் அப்படிச் செய்தாய்' என்ற கேள்விக்கு வரும் பதிலை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்வேன். 'என்ன வேண்டும்', 'எப்படி இருக்கிறது', 'எது உதவியாக இருக்கும்' என்ற கேள்விகள் வேறு. அவற்றுக்கான பதில் எதிரில் இருப்பவரிடம்தான் இருக்கிறது. என் தலைக்குள் இல்லை.

அந்த நாலாவது வாரம், அவன் போனை வைத்ததும் கிளம்பிப் போனேன். வழியெல்லாம் ஒரே முடிவோடு இருந்தேன்: அப்பா பேச்சை எடுக்கவே கூடாது, சினிமா, அரசியல் என்று எதையாவது பேசி அவன் மனசை மாற்ற வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகக் கணித்தவன் மறுபடியும் கணித்துக்கொண்டே வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. உட்கார்ந்ததும், "உனக்கு இப்ப என்னடா வேணும்? எனக்குத் தெரியல, நீயே சொல்லு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்பாவைப் பத்திப் பேசலாமா? வீட்டுக்கு வர்றவங்க யாருமே அவர் பேரையே எடுக்க மாட்டேங்கிறாங்க" என்றான்.